பைத்தானில் நம் கிளாஸுக்குக் கூட்டல் குறியைப் பழக்குவது எப்படி?

5 அடி 8 அங்குலச் சட்டத்தோடு 3 அடி 7 அங்குலச் சட்டத்தைச் சேர்த்தால் மொத்தம் 9 அடி 3 அங்குலம் என்று தச்சர் மனக்கணக்காகவே சொல்லிவிடுவார். பைத்தானில் ‘நீளம்’ என்றொரு கிளாஸை உருவாக்கி, நீளம்(5, 8) + நீளம்(3, 7) என்று கொடுத்தாலோ டைப்எரர் என்னும் பிழைதான் வரும். அந்தக் கிளாஸில் கூட்டல் குறிக்கு என்ன பொருள் என்பதை நாம் இன்னும் சொல்லவில்லை. (பைத்தான் 3-இல் கிளாஸுக்கும் மாறிக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம்.)

முதலில், ஆப்ஜெக்டைத் தொடங்கிவைக்கும் இனிட் மெத்தடில் அடியை 12ஆல் பெருக்கி, அங்குலத்தையும் கூட்டி, அந்த மொத்தத்தை ‘தான்.அங்குலம்’ என்பதில் வைத்துக்கொள்ளுங்கள் (‘தான்’ என்பது அந்த ஆப்ஜெக்டையே குறிக்கும் முதல் உள்ளீடு). அடியையும் அங்குலத்தையும் தனித்தனியே வைத்திருந்தால் ஒவ்வொரு கணக்கிலும் மிச்சத்தை ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

அடுத்து, ஆங்கிலத்தில் ஆட் என்று எழுதி, அதன் முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடுகள் இட்டு, ‘தான்’, ‘பிற’ (அதாவது, கூட்ட வேண்டிய மற்ற ஆப்ஜெக்ட்) என்னும் இரண்டு உள்ளீடுகளைப் பெறும் மெத்தடை எழுதுங்கள். இனிட்டுக்கும், இனி வரும் ரெப்ர், ராட், ஈக்யூ, ஹாஷ் மெத்தடுகளுக்கும் இதே அடிக்கோடுகள் வேண்டும். அது நீளம்(0, தான்.அங்குலம் + பிற.அங்குலம்) என்ற புதிய ஆப்ஜெக்டைத் திருப்பித் தர வேண்டும், தான்.அங்குலத்தையே மாற்றிவிட்டால், கூட்டிப் பார்த்த மாத்திரத்தில் முதல் சட்டமே நீண்டுவிடும். நம் கணக்கில் 68 + 43 = 111 அங்குலம் கிடைக்கும்; அதை 12ஆல் வகுத்து, ஈவை அடியாகவும் மீதியை அங்குலமாகவும் காட்டும் வேலையை ரெப்ர் மெத்தடிடம் விடலாம்.

பலர் இடறுவது இதற்கு அடுத்த படியில்தான். பிற என்பது நீளமாக இல்லாவிட்டால் நீங்களே பிழையை எழுப்பாமல், நாட்இம்ப்ளிமென்டட் என்னும் மதிப்பைத் திருப்பித் தாருங்கள். இதையும் நாட்இம்ப்ளிமென்டட்எரர் என்னும் பிழையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கலாம். அந்த மதிப்பைக் கண்டதும் பைத்தான் வலப்பக்க ஆப்ஜெக்டிடம் ராட் என்னும் மெத்தட் இருக்கிறதா என்று பார்க்கும். அதுவும் கைவிரித்தால்தான் டைப்எரர். பட்டியலைக் கூட்டித் தரும் சம் 0-இலிருந்து தொடங்குவதால் முதற்கணக்கு 0 + நீளம் என்றாகிறது. எண்ணுக்கு நம் கிளாஸைத் தெரியாது. ஆகவே ராட் மெத்தடில், ‘பிற’ 0 ஆக இருந்தால், ‘தான்’ என்பதையே திருப்பித் தாருங்கள், வேறெதுவானாலும் நாட்இம்ப்ளிமென்டட் போதும்.

நீளம்(1, 0) == நீளம்(0, 12) என்பது உண்மையாக வேண்டுமானால், அங்குலங்களை ஒப்பிடும் ஈக்யூ மெத்தடை எழுத வேண்டும். அதை மட்டும் எழுதினால், ஆப்ஜெக்டைத் தேட உதவும் ஹாஷ் என்னும் எண் பறிபோய், ஆப்ஜெக்டை செட்டில் போடவோ டிக்ட்டின் சாவியாக்கவோ முடியாது. எனவே அதே அங்குலத்தைக் கொண்டு ஹாஷ் மெத்தடையும் எழுதிவிட்டு, அதன்பின் அந்த மதிப்பை மாற்றாமல் விடுங்கள்.