பந்தயத் தடமும் போர்க்களமும்: பிரான்சில் மோட்டார்சைக்கிள் பயணத்தைத் திட்டமிடும் முறை

பிரான்சில் மோட்டார்சைக்கிளில் சுற்ற நினைக்கும் சிங்கப்பூரர்கள் பெரும்பாலும் முதலில் வரைபடத்தைத்தான் விரிக்கிறார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது பந்தய நாட்காட்டி. போர் நினைவிடங்கள் எந்த வாரம் போனாலும் அங்கேயே இருக்கும். பந்தயமோ ஒரே வார இறுதியில் முடிந்துவிடும். ஆகவே பந்தயத் தேதியை ஆணியடித்ததுபோல் நிறுத்திக்கொண்டு, மற்ற இடங்களை அதற்கு முன்னும் பின்னும் அடுக்குவதே இந்தப் பயணத்துக்கு ஏற்ற வழி.

தேர்ந்தெடுக்கப் பெரிய பந்தயங்கள் மூன்று உள்ளன. ஏப்ரலில் லே மான் நகரில் நடக்கும் 24 மணி நேர மோட்டார்சைக்கிள் பந்தயம் 1978இல் தொடங்கியது; ஓட்டுநர்கள் தடத்தின் குறுக்கே ஓடிச் சென்று வண்டியில் ஏறிக் கிளம்பும் பழைய வழக்கத்தை இன்றும் அங்கே காணலாம். மே மாதத்தில் அதே நகரில், உலக மோட்டார்சைக்கிள் பந்தயத் தொடரான மோட்டோ ஜிபியின் ஒரு சுற்று நடைபெறுகிறது. செப்டம்பரில் தெற்கே, லெ காஸ்தெல்லே ஊரின் போல் ரிகார் தடத்தில், 1922இல் பிறந்த பொல் தோர் பந்தயம் நடக்கிறது. ஏப்ரலில் குளிர் கடுமை. பொல் தோர் நல்ல பந்தயம்தான், ஆனால் போர்க்களங்கள் பெரும்பாலும் வடக்கே இருப்பதால், அதற்குப் போகிறவர் நாட்டின் நீளம் முழுவதையும் கடக்க வேண்டியிருக்கும். முதன்முறை செல்பவருக்கு மே மாத மோட்டோ ஜிபியே பொருத்தமானது என்பது என் கருத்து. செப்பாங்கில் அப்பந்தயத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு லே மானின் கூட்டம் வேறோர் அளவில் தெரியும்: 2025இல் மூன்று நாட்களிலும் சேர்த்து மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் வந்தனர்.

பாதையை இப்படி வகுக்கலாம். பாரிசில் வண்டி எடுத்து, கொம்பியேன் வழியாக ரைம்ஸ், அங்கிருந்து வெர்டன், பிறகு வடமேற்காகத் திரும்பி சோம் ஆற்றுப் பகுதி, நியூவ் ஷப்பெல், அதன் பின் நார்மண்டிக் கடற்கரை, கடைசியாக லே மான். பந்தயம் முடிந்த மறுநாள் தென்கிழக்கே வலான்சே சென்று பாரிஸ் திரும்பலாம். இரண்டு வார விடுப்பு இதற்குப் போதும். ஒரு நாளைக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் திட்டமிடக் கூடாது. மே மாதத்தில் அங்கே இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஏழு மணிக்கு இருட்டிப் பழகிய நமக்கு, உடல் களைத்த பிறகும் பொழுது இருக்கிறதே என்று ஓட்டிக்கொண்டே போகத் தோன்றும். விமானத்திலிருந்து இறங்கிய அன்றே வண்டி எடுப்பதும் வேண்டாம். முதல் நாளைப் பாரிசின் லா ஷப்பெல் வட்டாரத்தில் கழிப்பது நல்லது. ஈழத் தமிழர்களின் கடைகளும் மாணிக்க விநாயகர் ஆலயமும் அங்கே இருப்பதால், சோறு தேடி அலைய வேண்டியதில்லை.

ஆவணங்களில், சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ளவர்கள் பிரான்ஸ் அடங்கிய ஷெங்கன் நாடுகளில் 180 நாட்களுக்குள் 90 நாட்கள் வரை விசா இல்லாமல் தங்கலாம். இந்தியக் கடப்பிதழுடன் நிரந்தரவாசியாக இருப்பவருக்கு ஷெங்கன் விசா கட்டாயம். அதைப் பயணத்துக்கு ஆறு மாதங்கள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அனைத்துலக ஓட்டுநர் அனுமதியைச் சிங்கப்பூர் ஆட்டோமொபைல் சங்கத்தில் பெறும்போது, மோட்டார்சைக்கிள் பிரிவில் முத்திரை இருக்கிறதா என்று அங்கேயே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். வாடகைக்குக் கிடைக்கும் பயண வண்டிகளில் பெரும்பாலானவை 400 சிசியைத் தாண்டியவை. எனவே வகுப்பு 2 உரிமம் உள்ளவருக்கே இப்பயணம் இயல்பாகப் பொருந்தும். 2பி அல்லது 2ஏ உரிமம் மட்டும் வைத்திருப்பவர், தமக்கு இங்கே அனுமதிக்கப்பட்ட சிசி அளவுக்குள் அங்கேயும் நிற்க வேண்டும். அதை மீறி ஓட்டி விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் கைவிரிக்க நல்ல காரணம் கிடைத்துவிடும். பயணக் காப்புறுதிகள் பலவற்றில் மோட்டார்சைக்கிளுக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. சிறிய எழுத்தில் உள்ளதைப் படித்துவிட்டே பணம் கட்டுங்கள்.

உடைக்கும் சட்டம் உண்டு. ஐரோப்பியத் தரத்தைக் குறிக்கும் சிஇ முத்திரை பெற்ற கையுறை 2016 நவம்பர் முதல் பிரான்சில் கட்டாயம். நம் ஊர் வெயிலில் வெறுங்கையோடு ஓட்டிப் பழகியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தலைக்கவசம் ஐரோப்பியத் தரச் சான்று பெற்றதாகவும், ஒளி பிரதிபலிக்கும் ஒட்டிகள் உடையதாகவும் இருக்க வேண்டும். பளிச்சிடும் மேலங்கி ஒன்றை வண்டியில் வைத்திருக்க வேண்டும். காதுக்குள் செருகும் ஒலிக்கருவிகளுக்குத் தடை உண்டு. மே மாதக் காலையில் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்குவது சாதாரணம் என்பதால், ஒரே தடித்த சட்டையைவிட அடுக்கடுக்காக அணியும் மெல்லிய உடைகளும் கழுத்துத் துணியும் நல்ல மழைச்சட்டையும் பயன்படும்.

வலப்பக்கம் ஓட்டுவது ஒரு மணி நேரத்தில் பழகிவிடும். ஆபத்து வருவது பழகிய பிறகு: வண்டிகளே இல்லாத சாலையோரத்தில் நிறுத்திப் படம் எடுத்துவிட்டுக் கிளம்பும்போது, கை தன்னிச்சையாக இடப்பக்கம் இழுக்கும். பெட்ரோல் நிலையத்தை விட்டு வெளியேறும்போதும் அப்படித்தான். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் வாய்விட்டே ‘வலம்’ என்று சொல்லிக்கொள்வது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றினாலும் உயிர் காக்கும். இதைவிட நுட்பமானது வலப்பக்க முன்னுரிமை விதி. பலகை எதுவும் இல்லாத சந்திப்பில், வலப்பக்கச் சிறு சந்திலிருந்து வரும் வண்டிக்கே நீங்கள் வழிவிட வேண்டும். மஞ்சள் வைரவடிவப் பலகை இருந்தால் முன்னுரிமை உங்கள் சாலைக்கு. அதே பலகையில் குறுக்குக்கோடு இருந்தால் அந்த உரிமை அங்கே முடிகிறது. கிராமங்களுக்குள் நுழையும்போது இதற்காகவே வேகத்தைக் குறைக்க வேண்டும். வேக வரம்பு ஊருக்குள் 50. நடுவில் தடுப்பில்லாத சாலைகளில் பொதுவாக 80, சில மாவட்டங்களில் 90. விரைவுச்சாலையில் 130, மழையில் 110. நெரிசலில் வண்டிகளுக்கு நடுவே புகுந்து செல்வதை, பல தடங்கள் உள்ள பெருஞ்சாலைகளில், மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மிகாமல், 2025 ஜனவரி முதல் சட்டம் அனுமதிக்கிறது. வழிவிட்ட காரை முந்தும்போது பிரெஞ்சு ஓட்டிகள் வலக்காலை வெளியே நீட்டினால், அது நன்றி சொல்லும் முறை. உதைப்பதாக எண்ண வேண்டாம்.

சுங்கச் சாலைகளில் மோட்டார்சைக்கிளுக்குக் கட்டணம் குறைவு. பாரிசையும் நார்மண்டியையும் இணைக்கும் ஏ13 சாலையில் இப்போது சாவடியே கிடையாது: புகைப்படக் கருவி எண்ணைப் பதிவு செய்யும், 72 மணி நேரத்துக்குள் நாமே இணையத்தில் செலுத்த வேண்டும். மறந்தால் அபராதம் வாடகை நிறுவனம் வழியாகச் சிங்கப்பூர் வரை வந்து சேரும். பெட்ரோல் குழாயில் ‘கசோல்’ என்று எழுதியிருந்தால் அது டீசல், தொட வேண்டாம்.

இனி இடங்கள். கொம்பியேன் காட்டில் 1918 நவம்பர் 11 அன்று முதல் உலகப் போரின் போர் நிறுத்தம் கையெழுத்தானது. அதே இடத்தில், அதே ரயில் பெட்டியில், 1940 ஜூனில் பிரான்சைக் கையெழுத்திட வைத்தார் ஹிட்லர். இப்போது காட்சிக்கு உள்ளது அதே வகையைச் சேர்ந்த வேறொரு பெட்டி. அரை நாள் போதும்.

ரைம்ஸ் நகருக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். நகருக்கு மேற்கே கெ என்னும் சிற்றூரின் அருகே, டி27 சாலையின் இருபுறமும் பழைய பந்தயத் தடத்தின் பார்வையாளர் மேடையும் வண்டிப் பழுதுக் கூடங்களும் விளம்பர எழுத்துகளுடன் நிற்கின்றன. 1926 முதல் 1972 வரை இங்கே பந்தயம் நடந்தது. 1954இல் பியேர் மொனரே பிரெஞ்சு மோட்டார்சைக்கிள் கிராண்ட் பிரீயின் 500 சிசி போட்டியை வென்றதும் இங்கேதான். அதன் பிறகு சொந்த நாட்டின் முதன்மைப் போட்டியை இன்னொரு பிரெஞ்சுக்காரர் வெல்வதற்கு, 2025இல் லே மான் மழையில் ஜொஹான் ஸார்கோ வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இது பொதுச்சாலை; வேக வரம்பும் உண்டு, லாரியும் வரும். அங்கிருந்து நகருக்குள் போனால், 1945 மே 7 அதிகாலை 2.41 மணிக்கு ஜெர்மன் படை சரணடைந்து கையெழுத்திட்ட பள்ளிக்கூட அறை, சுவர் வரைபடங்களோடு அருங்காட்சியகமாக இருக்கிறது. ஒரே நாளில் பந்தயத்தையும் போரையும் இவ்வளவு நெருக்கமாகக் காட்டும் ஊர் பிரான்சில் வேறில்லை என்றே சொல்வேன்.

வெர்டனுக்கு நேர்வழி இருந்தாலும், சற்றுச் சுற்றி பார்-லெ-டுக் சென்று அங்கிருந்து டி1916 சாலையில் ஏற வேண்டும். சாலையின் எண்ணே ஆண்டைச் சொல்கிறது. ரயில் பாதைகள் துண்டிக்கப்பட்ட நிலையில், 1916இல் வெர்டனில் ஜெர்மானியரை எதிர்த்து நின்ற பிரெஞ்சுப் படைக்கு வேண்டிய ஆட்களும் குண்டுகளும் பெரும்பாலும் இந்த ஒரே சாலை வழியாகப் போயின. உச்சத்தில் 14 விநாடிக்கு ஒரு லாரி கடந்தது. சாலையோர மைல்கற்களின் தலையில் படைவீரரின் தலைக்கவச வடிவம் இருக்கும். முடிவில் டூவாமோன் எலும்பு மண்டபம்: அடையாளம் காணப்படாத சுமார் 1,30,000 பிரெஞ்சு, ஜெர்மன் வீரர்களின் எலும்புகள் அங்கே உள்ளன, பின்புறத் தாழ்வான சன்னல்கள் வழியே அவற்றைக் காணலாம். குழந்தைகளோடு வருபவர்கள் முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது நல்லது.

சோம் பகுதியில் தியப்வல் வளைவு நினைவகம், கல்லறை அறியப்படாத 72,000க்கும் அதிகமானோரின் பெயர்களைத் தாங்குகிறது. அருகே லா புவாசெல் ஊரில் 1916 ஜூலை 1 அன்று சுரங்க வெடியால் உண்டான பெரும்பள்ளம் அப்படியே இருக்கிறது. வயலோரத்தில் துருப்பிடித்த குண்டுகளை உழவர்கள் இன்றும் எடுத்து வைப்பதுண்டு. எதையும் தொடக் கூடாது, அவற்றின் பக்கத்தில் வண்டியையும் நிறுத்தக் கூடாது.

நம்மவர்கள் விடவே கூடாத இடம் நியூவ் ஷப்பெல். 1915 மார்ச் 10 அன்று தொடங்கிய தாக்குதலில் பிரிட்டிஷ் இந்தியப் படையினர் பெருமளவில் ஈடுபட்டனர். கல்லறை இல்லாத 4,700க்கும் அதிகமான இந்திய வீரர்களின் பெயர்கள் அங்குள்ள வட்டச்சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன. ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்து 1927இல் திறக்கப்பட்ட அந்த நினைவகத்தில், தாமரைத் தலைப்புடைய தூணின் இருபுறமும் கல்புலிகள் அமர்ந்திருக்கின்றன. பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா சிலுவை பெற்ற கப்பர் சிங் நேகியின் பெயரும் அங்கே உண்டு. அந்தத் தாக்குதலுக்கு ஒரு மாதத்துக்கும் குறைவான காலத்துக்கு முன்னர்தான், பிப்ரவரி 15 அன்று, சிங்கப்பூரில் இந்தியச் சிப்பாய்களின் கலகம் வெடித்தது. அதை அடக்க வந்த கப்பல்களில் மோன்கால்ம் என்னும் பிரெஞ்சுப் போர்க்கப்பலும் ஒன்று. கிராஞ்சிப் போர்க் கல்லறையைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே நியூவ் ஷப்பெல் நினைவகத்தையும் பராமரிக்கிறது. அதன் இணையத்தளத்தில் பெயரையோ படைப்பிரிவையோ தேடி, பலகை எண்ணைக் குறித்துக்கொண்டு போனால், சுவரின் முன் தடுமாற வேண்டியிராது. சிறிது தெற்கே நோத்ர்-டாம்-டெ-லொரெட் குன்றில் உள்ள நினைவு வளையத்தில், அப்பகுதியில் இறந்த ஏறக்குறைய 5,80,000 பேரின் பெயர்கள், நாடும் பதவியும் பாராமல் அகரவரிசையில் உள்ளன. சிங் என்னும் பெயர் வரிசை வரிசையாக நீள்வதை அங்கே தேடிப் பாருங்கள்.

இத்தகைய இடங்களில் வண்டியைத் தொலைவிலேயே நிறுத்தி, இயந்திரத்தை உடனே அணைத்து, தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டும். உரத்த புகைபோக்கி பொருத்திய வண்டியை வாடகைக்கு எடுக்காமல் இருப்பதே மேல்.

1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் தரையிறங்கிய நார்மண்டியைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒமாகா கடற்கரைக்கு மேலே கொல்வில் அமெரிக்கக் கல்லறை, அரோமான்ஷில் கடலுக்குள் நிற்கும் செயற்கைத் துறைமுகத்தின் கான்கிரீட் மிச்சங்கள், 21,000க்கும் அதிகமான ஜெர்மானியர்கள் புதைக்கப்பட்ட லா காம்ப் ஆகிய மூன்றும் போதும். மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள். ஜூன் 6ஐ ஒட்டிய வாரத்தில் சாலைகள் அடைத்துப்போகும் என்பதும் மே மாதத்துக்கு ஆதரவான வாதம்.

லே மானில் பந்தயத் திடலின் கூடார முகாம்களில் இரவெல்லாம் இயந்திரங்களை உறுமவிடுவார்கள். தூக்கம் வேண்டுமென்றால் வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தள்ளி அலான்சோனில் அறை எடுங்கள். மோட்டோ ஜிபி ஓடுவது 4.185 கிலோமீட்டர் நீளமுள்ள புகாட்டி தடத்தில். 24 மணி நேரக் கார் பந்தயத்தின் நீண்ட தடமோ பெரும்பாலும் பொதுச்சாலை. உனொதியேர் நேர்ச்சாலையில் மற்ற நாட்களில் யாரும் ஓட்டலாம், காவல்துறையும் அங்கே நிற்கும். இதே ஊரில் 1929இல் பிரெஞ்சு கிராண்ட் பிரீயை வென்றவர் வில்லியம் குரோவர்-வில்லியம்ஸ். 1937இல் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற இருவரில் ஒருவர் ரொபேர் பெனுவா. இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொண்டு திங்கட்கிழமை வலான்சேக்குப் புறப்படுங்கள்.

வலான்சேயில் உள்ளது, ஆக்கிரமிக்கப்பட்ட பிரான்சில் பிரிட்டனுக்காக மறைந்து பணியாற்றி உயிரிழந்த 104 உளவாளிகளின் நினைவுச்சின்னம். குரோவர்-வில்லியம்ஸ், பெனுவா இருவரும் அதில் இருக்கிறார்கள்: ஒருவர் சாக்சன்ஹௌசன் முகாமில், மற்றவர் புக்கன்வால்டில் கொல்லப்பட்டவர். திப்பு சுல்தானின் வழிவந்தவரும் டாக்காவ் முகாமில் 1944 செப்டம்பரில் கொல்லப்பட்டவருமான நூர் இனாயத் கானின் பெயரும் அங்கே உள்ளது. பந்தயத்தைப் பார்த்துவிட்டு இங்கே வருவதற்கும், இங்கே வந்துவிட்டுப் பந்தயம் பார்ப்பதற்கும் வேறுபாடு உண்டு. முன்னதையே பரிந்துரைக்கிறேன்.

வண்டியைத் திருப்பிக் கொடுப்பதைச் செவ்வாய்க்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிரான்சில் மோட்டார்சைக்கிள் கடைகள் பல ஞாயிறு மட்டுமல்லாமல் திங்களும் மூடியிருக்கும். விமானத்தைப் புதன்கிழமைக்குப் பதிவு செய்தால், வண்டியில் கீறல் எதுவும் இருக்கிறதா என்று கடைக்காரரோடு நிதானமாகப் பார்த்து, முன்பணம் விடுவிக்கப்படும் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு புறப்பட நேரம் இருக்கும்.