ஃபீஸ் கட்டியாயிற்று, அப்புறம்? ஏழை அறிவியல் மாணவர்களுக்கு உதவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உதவித்தொகை கொடுக்க முன்வருகிற எவரும் முதலில் கேட்பது, "வருஷத்துக்கு ஃபீஸ் எவ்வளவு?" என்றுதான். அதைக் கட்டிவிட்டால் மீதியை மாணவர் பார்த்துக்கொள்வார் என்று ஒரு நினைப்பு. அறிவியல் படிப்பில் இந்தக் கணக்கு உதைக்கும். பணத்தோடு சேர்த்து நேரத்தையும் விழுங்குகிற படிப்பு அது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவரிடம் இல்லாதது அந்த நேரம்தான்.

கரிம வேதியியல் ப்ராக்டிகல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டவணையில் மதியம் 2 முதல் 5 வரை என்றிருக்கும். கலவை கொதித்து, ஆறி, படிகம் விழ வேண்டும். அது மணி பார்த்து விழாது. பிறகு வடிகட்டி, உலர்த்தி, எடை போட்டு, உருகுநிலை பார்த்து, கண்ணாடிச் சாமான்களைக் கழுவி வைத்து வெளியே வர ஆறாகிவிடும். ஐந்தரைக்கு வேலையில் நிற்க வேண்டிய மாணவர் என்ன செய்வார்? படிகத்தை ஈரத்தோடு எடை போடுவார். ஈரத்தின் எடையும் சேர்ந்துகொள்ள, விளைச்சல் (கிடைக்கக்கூடிய உச்ச அளவில் எத்தனை சதவீதம் கிடைத்தது என்ற கணக்கு) 100 சதவீதத்தைத் தாண்டி நிற்கும். ரெக்கார்டு திருத்துகிறவர் ஓரத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதிவிட்டுப் போவார். கவனத்துக்கு ஒரு குறையும் இல்லை, ஒரு மணி நேரம்தான் குறைந்தது.

ஆக, தொகையை நிர்ணயிக்கும்போது ஃபீஸோடு, ஆய்வக நேரத்தால் மாணவர் இழக்கும் சம்பளத்தையும் சேர்த்துப் பாருங்கள். பல்கலைக்கழகத்துக்குள் இருப்பவர் என்றால் இன்னொன்றும் செய்யலாம்: ப்ராக்டிகல் பிரிவுகளைத் தேர்ந்தெடுக்கும் முதல் உரிமையை வேலைக்குப் போகும் மாணவர்களுக்குக் கொடுங்கள். அதற்குக் காலணா செலவில்லை.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-ல் தன் இரண்டாண்டுக் கல்லூரிகளில் தொடங்கிய 'ஏசாப்' திட்டம் இங்கே பார்க்கத் தக்கது. மற்ற உதவிகள் போகக் கட்டணத்தில் விழும் துண்டைத் தள்ளுபடி செய்தார்கள். பாடப் புத்தகமும் பயண அட்டையும் கொடுத்தார்கள். ஒவ்வொருவரையும் அடிக்கடி சந்திக்க ஓர் ஆலோசகரைப் போட்டார்கள். குலுக்கல் முறையில் மாணவர்களைப் பிரித்து ஒப்பிட்டபோது, திட்டத்தில் இருந்தவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் மூன்றாண்டுக்குள் பட்டம் வாங்கியிருந்தார்கள். மற்றவர்களில் 22 சதவீதம்தான். இது அறிவியல் மாணவர்களுக்கு மட்டுமான திட்டமல்ல. ஆனால் பயண அட்டை வரைக்கும் யோசித்த அந்தப் புத்தி எல்லாருக்கும் பொருந்தும்.

அடுத்தது, "முதலில் வாங்கிக்கோ, பில் கொடு, பணம் வரும்" என்பது. கையில் காசு இருப்பவருக்குத்தான் இது உதவி. லேப் கோட், பாதுகாப்புக் கண்ணாடி, புவியியல் களப்பயணம் எல்லாமே பருவத்தின் முதல் வாரங்களிலேயே கேட்கப்படும். உதவித்தொகை பல இடங்களில் அதற்குப் பிறகுதான் வரும். சின்னத் தொகைதானே என்று விடக் கூடாது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2011-ல் ஒரு சிறு மானியத் திட்டம் தொடங்கியது. நன்றாகப் படித்துக்கொண்டிருந்தும் கொஞ்சம் பாக்கி இருந்ததற்காகப் பதிவு ரத்தாகும் மாணவர்களுக்கு, அவர்கள் விண்ணப்பிக்காமலேயே, அந்தப் பாக்கியைத் தீர்த்துவைத்தது. பட்டத்தை எட்டும் தூரத்தில் இருந்தவர்கள் பலர் அதில் இருந்தார்கள்.

இத்தனை மதிப்பெண் எடுத்தால்தான் உதவி தொடரும் என்று முதல் வருடத்திலேயே நிபந்தனை வைப்பதும் தவறு. கால்குலஸும் பொது வேதியியலும் பெரும்பாலானவர்களின் மதிப்பெண்ணை இறக்கிவிடும் பாடங்கள். உதவி நின்றுவிடும் என்ற பயத்தில் மாணவர் கடினமான பாடத்தை விட்டு எளிதானதை எடுப்பார், அல்லது துறையையே மாற்றிக்கொள்வார். நிபந்தனை வேண்டுமென்றால், இரண்டாம் ஆண்டிலிருந்து வையுங்கள்.

இதையெல்லாம்விட எனக்கு உறுத்தலாகத் தெரிவது, 'பின்தங்கியவர்களுக்கான சிறப்பு வகுப்பு'. 1970-களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்ற கணிதவியலர், கறுப்பின மாணவர்கள் ஏன் கால்குலஸில் அதிகம் தோற்கிறார்கள் என்று ஆராய்ந்தார். ஆர்வமில்லை, அடிப்படை சரியில்லை, வீட்டில் ஊக்கமில்லை, வருமானமில்லை என்று ஆசிரியர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அவர் மாணவர்கள் கூடவே இருந்து பார்த்தபோது இவற்றில் எதுவும் நிற்கவில்லை. அவர்கள் கடுமையாகத்தான் உழைத்தார்கள். ஆனால் தனித்தனியாக உழைத்தார்கள். நன்றாகச் செய்த சீன வம்சாவளி மாணவர்களோ ஒன்றாக உட்கார்ந்து, ஒருவர் விடையை இன்னொருவர் சரிபார்த்து, எந்தக் கேள்வி எல்லாருக்குமே கஷ்டம் என்று தெரிந்து வைத்திருந்தார்கள். ட்ரைஸ்மன் இதிலிருந்து ஒரு பயிற்சிப் பட்டறையை உருவாக்கினார். அதைத் திருத்த வகுப்பு என்று சொல்லாமல், சிறந்த மாணவர்களுக்கான வகுப்பு என்றே அழைத்தார். கொடுத்ததும் வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகள். வந்தவர்களின் மதிப்பெண் ஏறியது. "உனக்கு உதவி தேவை" என்று சொல்லிக் கூப்பிட்டால் தன்மானம் உள்ள எவரும் வரத் தயங்குவார். வேலைக்குப் போகிறவருக்கு நூலகத்தில் நண்பர்களோடு உட்கார மாலையும் இல்லை என்பதால், இந்தக் குழு நேரத்தைப் பகல் அட்டவணைக்குள்ளேயே வைத்துவிட வேண்டும்.

சம்பளமில்லாத ஆய்வு அனுபவமும் ஒரு பொறி. "ஆர்வம் இருந்தால் கோடையில் வந்து லேபில் சேர்ந்துகொள்" என்பார் பேராசிரியர். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவர் வரமாட்டார், அது ஆர்வமின்மையாகக் கணக்கில் ஏறும். பிறகு மேற்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் யாருக்குக் கிடைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கோடை ஆய்வுக்குச் சம்பளம் கொடுங்கள். முடியாத இடத்தில் பாடத்திட்டத்துக்குள்ளேயே உண்மையான ஆய்வுக் கேள்வி ஒன்றை வையுங்கள்; எல்லாருக்கும் கிடைக்கும்.

விண்ணப்பத்தில் வறுமையைக் கதையாக எழுதச் சொல்வதைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. வருமானச் சான்று இருக்கும்போது கண்ணீர் எதற்கு? கதை கேட்பதற்குப் பதில், உதவி உறுதி என்று முன்கூட்டியே சொல்லுங்கள். மிச்சிகன் பல்கலைக்கழகம் 2015-ல் தொடங்கிய ஒரு சோதனையில், தகுதியான ஏழை மாணவர்களுக்கு 'நான்காண்டு கட்டணம் இலவசம்' என்று முன்கூட்டியே கடிதம் போனது. கடிதம் வந்தவர்களில் 68 சதவீதம் பேர் விண்ணப்பித்தார்கள், வராதவர்களில் 26 சதவீதம். வராதவர்கள் விண்ணப்பித்திருந்தாலும் கிட்டத்தட்ட அதே உதவி கிடைத்திருக்கும். கூடுதல் பணத்தைவிட, தொகை உறுதி என்ற வார்த்தைதான் அங்கே வேலை செய்தது.

வெளியிலிருந்து நன்கொடை தருபவர்களுக்குக் கடைசியாக ஒன்று. நீங்கள் கொடுக்கும் தொகை வந்ததும், கல்வி நிறுவனம் தன் உதவியில் அதே அளவைக் குறைத்துக்கொள்வது உண்டு. மாணவர் கையில் ஒரு பைசாவும் கூடுதலாகச் சேராது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 2017-ல் அரசுப் பல்கலைக்கழகங்கள் இப்படிச் செய்வதற்குச் சட்டத்தாலேயே கட்டுப்பாடு போட்டது. காசோலை எழுதுவதற்கு முன் நிதி அலுவலகத்தில் இதைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.