பசி என்று நினைத்த எரிச்சல்: வயிற்றைக் கவனிக்கத் தொடங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

உணவு ஆலோசனைக்கு முதல் தடவை வருகிறவர்களிடம், ஒரு வாரம் சாப்பிட்டதை எல்லாம் நேரத்தோடு எழுதிக்கொண்டு வரச் சொல்வேன். போன வாரம் ஓர் இளைஞர் கொண்டுவந்த நோட்டில் சாப்பாட்டுக் கணக்கு அழகாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. சில நாளில் இரண்டு. என்ன இது என்று கேட்டேன். "அது நெஞ்செரிச்சல் மாத்திரைங்க. சாப்பாடு இல்லையேன்னு ஓரத்துல போட்டேன்" என்றார்.

என்னுடைய பழைய நோட்டைப் பார்த்த மாதிரி இருந்தது. அன்று இரவே இதை எழுத உட்கார்ந்தேன். எண்ணெயைக் குறை, காரத்தைக் குறை, கை கழுவு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். வயிற்றைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று அக்கறையோடு தொடங்குகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஒரே நாளில் நார்ச்சத்துக்கு மாறுவது

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதைக் கேட்டதும், நேற்றுவரை அதில் பாதிகூடச் சாப்பிடாதவர் இன்று காலையிலிருந்து முழுத்தானியம், பயறு, பழம், பச்சைக் காய்கறி என்று இறங்கிவிடுகிறார். மூன்றாம் நாள் வயிறு உப்பிக்கொள்கிறது. "எனக்கு இதெல்லாம் ஒத்துக்கலை" என்று பழையபடிக்குத் திரும்பிவிடுகிறார்.

ஒத்துக்கொள்ளாமல் இல்லை. நார்ச்சத்தைச் சிறுகுடல் செரிப்பதில்லை. அது பெருங்குடலுக்குப் போய், அங்கே இருக்கும் பாக்டீரியாக்களால் நொதிக்கிறது. நொதித்தால் வாயு வரத்தான் செய்யும். புதிய அளவுக்கு அவை பழகச் சில வாரங்கள் ஆகும். அதனால் ஒவ்வொரு வாரமும் தினசரி அளவில் 5 கிராம் கூட்டினால் போதும். தோலோடு சாப்பிடும் ஒரு நடுத்தர ஆப்பிள் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கூடவே தண்ணீரையும் கூட்டுங்கள். தண்ணீர் இல்லாமல் நார்ச்சத்து மட்டும் ஏறினால் மலச்சிக்கல் அதிகமாகும்.

வயிறு பேசும்போது மாத்திரையால் வாயடைப்பது

இதைச் சொல்லத்தான் வந்தேன்.

எனக்கு ராத்திரி இரண்டு மணிக்கு மேல்வயிற்றில் எரிச்சலோடு விழிப்பு வரும். எழுந்துபோய் இரண்டு பிஸ்கட் சாப்பிட்டால் அடங்கிவிடும். சாப்பிட்டதும் அடங்கினால் அது பசிதானே? அப்படித்தான் நினைத்தேன். பகலிலும் சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் ஆனதும் அதே எரிச்சல், மறுபடி ஏதாவது ஒன்று வாயில். பால் குடித்துப் பார்த்தேன். கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், அப்புறம் முன்னைவிட எரியும். பால் முதலில் அமிலத்தைத் தணித்தாலும், பிறகு வயிற்றை இன்னும் அமிலம் சுரக்க வைக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கடைசியில் ஒரு நண்பர் சொன்னார் என்று அமிலம் குறைக்கும் மாத்திரையைத் தொடங்கினேன். முதல் வாரமே எரிச்சல் போய்விட்டது. மருந்து வேலை செய்கிறது என்ற தைரியத்தில் பத்து மணிக்கு மேல் வயிறு முட்டச் சாப்பிடுவேன். தலைவலிக்கு வெறும் வயிற்றில் வலி மாத்திரையும் போட்டுக்கொள்வேன். இப்படி இரண்டு வருடம்.

இடையில் ஒரு மருத்துவர், வயிற்றில் புண் உண்டாக்கும் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் மூச்சுப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். எடுப்பதற்கு முன்னால், வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. அதை ஒரு மருந்தாகவே நான் கணக்கில் வைக்கவில்லை. கிருமி இல்லை என்று முடிவு வந்தது. நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். எட்டு மாதம் கழித்து ஒருநாள் மாடிப்படி ஏறும்போது கண் இருட்டியது. அதற்கு முந்தைய நாலைந்து நாளாகவே மலம் தார் மாதிரி கருப்பாகப் போய்க்கொண்டிருந்தது, சாப்பாட்டினால் இருக்கும் என்று விட்டிருந்தேன். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 7தான், மிகவும் குறைவு. எண்டோஸ்கோப்பியில் பார்த்தால் முன்சிறுகுடலில் புண், அதிலிருந்து ரத்தக் கசிவு.

அந்த "இல்லை" என்ற ஒரு சொல் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

நடந்தது இதுதான். வயிற்றுப் புண்ணுக்கு முக்கியமான காரணங்கள் இரண்டு. ஒன்று, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. ஆஸ்திரேலியாவில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982-இல் அதை வளர்த்துக் காட்டினார்கள். பலர் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்னொரு காரணம் ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள். இரைப்பையின் உள்சுவரைக் காக்கும் சுரப்புகளை அவை குறைத்துவிடும். எனக்கு இரண்டும் இருந்தன. நான் போட்டுக்கொண்டிருந்த ஓமெப்ரசோல், பான்டோபிரசோல் வகை அமிலம் குறைக்கும் மாத்திரைகள் எரிச்சலை அடக்கும், கிருமியை ஒழிக்காது. ஆனால் மூச்சுப் பரிசோதனையில் கிருமி தெரியாதபடி செய்துவிடும். அதனால்தான் பரிசோதனைக்கு இரண்டு வாரம் முன்பே அவற்றை நிறுத்தச் சொல்வார்கள்.

மாத்திரை கெட்டது என்று சொல்லவே இல்லை. என் புண் ஆறியதே அதே மாத்திரையோடு ஆன்டிபயாடிக் சேர்த்துப் பதினான்கு நாள் சாப்பிட்ட பிறகுதான். மருத்துவர் எழுதிக்கொடுத்துச் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் அமிலம் சில வாரம் முன்னைவிட அதிகமாகச் சுரக்கக்கூடும். நான் கேட்பது இவ்வளவுதான்: யாரும் எழுதிக்கொடுக்காமல் இரண்டு வாரத்துக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டிருந்தால், போய் மருத்துவரைப் பாருங்கள். என்னென்ன மாத்திரை, எத்தனை நாளாக என்று ஒன்று விடாமல் சொல்லுங்கள். கருப்பு மலம், ரத்த வாந்தி, விழுங்கும்போது அடைப்பு, காரணமில்லாமல் எடை இறங்குவது, இதில் எது இருந்தாலும் ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கருப்பாகும், உண்மைதான். அதை மருத்துவரே பார்த்துச் சொல்லட்டும்.

அந்த இளைஞரிடம் அன்றைக்கு உணவுப் பட்டியல் எதுவும் கொடுக்கவில்லை. நோட்டை மருத்துவரிடம் அப்படியே காட்டுங்கள் என்று அனுப்பிவிட்டேன். பெருக்கல் குறிகளை மட்டும் பேனாவால் பெரிதாகப் போடச் சொன்னேன்.

சாப்பிட்டதும் படுப்பது

கெட்டியான உணவு இரைப்பையை விட்டு இறங்க ஏறக்குறைய நாலு மணி நேரம் ஆகலாம், கொழுப்பு அதிகமென்றால் இன்னும் கூட. கடைசிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். வேலையால் முடியவில்லையென்றால் முக்கால்வாசியைச் சாயங்காலமே சாப்பிட்டுவிட்டு, ராத்திரிக்குக் கொஞ்சமாக வைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் சாய்ந்து படுத்தால் அமிலம் மேலே ஏறுவது குறையும்.

சாப்பாட்டின்போது தண்ணீரே கூடாது என்பது

தவறு. தாகம் எடுத்தால் குடியுங்கள்.

நாள் முழுக்கக் கொறிப்பது

"கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி" என்ற அறிவுரையைப் பலர் அரை மணிக்கு ஒரு தடவை என்று எடுத்துக்கொள்கிறார்கள். வெறும் வயிற்றில் சுமார் 90 முதல் 120 நிமிடத்துக்கு ஒருமுறை ஓர் அலை கிளம்பி, இரைப்பையிலும் சிறுகுடலிலும் மிச்சம் மீதியைக் கூட்டித் தள்ளும். வயிறு கடமுடா என்று சத்தம் போடுவது பெரும்பாலும் அந்த வேலைதான். வாயில் ஏதாவது போட்டதும் அது நின்றுவிடும். சாப்பாட்டுக்கு நடுவில் மூன்று மணி நேரமாவது விடுங்கள்.

அவசரமாக விழுங்குவது

நிறைந்துவிட்டது என்று மூளைக்குத் தெரிய இருபது நிமிடம் போல ஆகும். ஐந்து நிமிடத்தில் முடித்தால் அது தெரிவதற்கே வழியில்லை.

மலத்தை அடக்குவது

காலைச் சாப்பாடு இரைப்பைக்குள் போனதும் பெருங்குடல் தானாகவே அசையத் தொடங்கும். அந்த நேரத்தில்தான் நாம் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே ஓடுகிறோம். பதினைந்து நிமிடம் முன்னதாக எழுந்திருங்கள்.