"சும்மா பாடிப் பாருங்கள்" என்றால்: செஷன் பாடகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் என்னிடம் பாட்டுப் படிக்க வரும் ஒரு பிள்ளை, வகுப்பு முடிந்த பிறகும் போகாமல் நின்றாள். லண்டன் ஹாக்னியில் ஒரு ஸ்டூடியோவுக்கு முதன்முறையாகப் பாடப் போய் வந்திருக்கிறாள். முகமெல்லாம் சிரிப்பு. "அவை பீட் போட்டுவிட்டினம் அக்கா, நான் சும்மா பாடிப்போட்டு வந்தனான்" என்று கைப்பேசியில் போட்டுக் காட்டினாள். வரிகள் அதிகம் இல்லை, ஆனால் மெட்டு இருந்தது. நல்ல மெட்டு. யார் போட்டது என்று கேட்டேன். "நான்தான். சும்மா வந்தது."

அந்தச் "சும்மா" என்னை அன்றிரவு தூங்க விடவில்லை. 2004இல் நானும் அதே சொல்லைச் சொல்லிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் லண்டனில் ஹவுஸ், கராஜ் மாதிரியான நடன இசைப் பாட்டுகளுக்கு செஷன் பாடகி. பேக்கிங் வோகலும் பாடுவேன். பின்னணிப் பாடகி என்று சொன்னால் நம்மவர்கள் உடனே சினிமாவை நினைத்துக்கொள்வார்கள், அதனால் அந்தச் சொல்லைத் தவிர்க்கிறேன். பாட்டின் முன்னால் நிற்பவர் வேறொருவர். அவருக்குப் பின்னாலும் மேலும் கீழும் அடுக்கடுக்காகக் கேட்கும் குரல்கள் எங்களுடையவை. சில பாட்டுகளில் முன்னால் கேட்பதும் எங்கள் குரல்தான், பெயர்தான் இருக்காது.

நேரத்துக்குப் போவது, தொண்டையைப் பார்த்துக்கொள்வது, பாட்டை முன்கூட்டியே கேட்டு வைப்பது பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவை உங்களுக்கே தெரியும்.

எல்லா அடுக்கிலும் முழுக் குரலையும் கொட்டுவது

நன்றாகப் பாடத் தெரிந்தவர்கள் செய்யும் தவறு இது. ஒரு கோரஸுக்கு எட்டு, பன்னிரண்டு தடவை பாடி அடுக்கச் சொல்வார்கள். ஒவ்வொன்றையும் தனிக் கச்சேரி போலப் பாடினால், சேர்த்துக் கேட்கும்போது சந்தைக்கடைதான். முதல் அடுக்கை உயிரோடு பாடுங்கள். மற்றவற்றில் அசைவைக் குறையுங்கள், கமகத்தை முழுவதும் எடுத்துவிடுங்கள். நமக்கு இது கஷ்டம். காந்தாரத்தைக் கண்டால் தொண்டை தானாக ஆடும். ஆனால் இரண்டு குரல் இரண்டு விதமாக ஆடினால், சுருதி திருத்தும் மென்பொருளாலும் அதைச் சுலபமாகச் சரிசெய்ய முடியாது.

அப்புறம், சொல்லின் கடைசியில் வரும் "ஸ்", "ட்" போன்ற ஒலிகளை முதல் அடுக்கில் மட்டும் உச்சரியுங்கள். மற்றவற்றில் விழுங்கிவிடலாம். எட்டு "ஸ்" எட்டு இடத்தில் விழுந்தால் பாம்புக் கூட்டம் சீறுவது மாதிரி இருக்கும்.

மெட்டையும் போட்டுவிட்டு, பாடிய கூலியோடு வருவது

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். இருபது ஆண்டு கழித்தும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

செஷன் பாடுவது ஒரு வேலை, டாப்லைன் போடுவது வேறு வேலை. செஷனில் மெட்டும் வரியும் தயாராக இருக்கும். போய்ப் பாடிக் கொடுத்து, பேசிய காசை வாங்கிக்கொண்டு வருவீர்கள். டாப்லைனில் அவர்களிடம் டிரம்ஸும் பேஸும் நாலு கார்டும்தான் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) இருக்கும். அதன்மேல் மெட்டைக் கட்டுவது நீங்கள். அது பாடலாசிரியர், இசையமைப்பாளர் செய்யும் வேலை, அதற்குப் பாட்டின் உரிமையிலேயே பங்கு உண்டு. ஆனால் இரண்டும் நடப்பது ஒரே அறையில், ஒரே மைக்கின் முன்னால். எந்த நிமிடத்தில் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாண்டினீர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "சும்மா பாடிப் பாருங்கள், என்ன வருகிறதென்று பார்ப்போம்" என்பார்கள். தாண்டுகிற இடம் அதுதான்.

கர்நாடக சங்கீதம் படித்தவர்கள் இதில் மற்றவர்களைவிடச் சீக்கிரம் விழுகிறோம் என்பது என் அனுபவம். ஆலாபனை, நிரவல், கல்பனாஸ்வரம் என்று அந்த நேரத்தில் தோன்றியதைப் பாடத்தான் சின்ன வயதிலிருந்து நம்மைப் பழக்குகிறார்கள். அதனால் புதிதாக ஒன்றை உண்டாக்கும்போதுகூட உண்டாக்குகிறோம் என்று நமக்குத் தெரிவதில்லை. பாடுகிறோம் என்றுதான் தெரிகிறது. கச்சேரியில் பாடிய நிரவல் அன்றைக்கே காற்றோடு போய்விடும். ஸ்டூடியோவில் அதிலிருந்து எட்டு பாரை (ஒரு பார் என்பது நாலு தட்டு) வெட்டிச் சுழலவிட்டால், அதுதான் பாட்டு.

2004இல் எனக்கு நடந்தது இது. கிழக்கு லண்டனில், ஒரு கட்டடத்தின் நிலவறையில் ஸ்டூடியோ. வேகம் 124 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 124 தட்டு. ஏ மைனர். வரிகள் எதுவும் இல்லை, ஆலாபனை மாதிரி ஏதாவது வேண்டும் என்றார்கள். அவர்கள் போட்ட கார்டுகளுக்கு சுத்த தன்யாசி அப்படியே பொருந்தியது. மேற்கத்தியக் காதுக்கு அது மைனர் பென்டடோனிக். இருபது நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். நடுவில் ஒரு சங்கதி வந்தது. பஞ்சமத்தில் நின்று, மேல் ஸட்ஜத்தைத் தொட்டுவிட்டு, நிஷாதம் வழியாகச் சறுக்கி வந்து காந்தாரத்தில் உட்காருவது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அதையே திரும்பப் பாடச் சொன்னார்கள், பாடினேன். எட்டு பார் என்பது அந்த வேகத்தில் பதினைந்தரை நொடி.

120 பவுண்ட் ஒரு உறையில் வந்தது. கூடவே ஒரு தாள். கடைசி ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் கோட்டைப் போட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு ஆண்டு கழித்து ஹாரோவில் ஒரு கல்யாண மண்டபம். சாப்பாடு முடிந்து டிஜே பாட்டுப் போடத் தொடங்கினார். சின்னப் பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டு ஓடினார்கள், அவ்வளவு தெரிந்த பாட்டு. அம்மாதான் என் கையைப் பிடித்தார். "பிள்ளை, இது உன்ர குரலெல்லோ? உன்ர ரீச்சர் காந்தாரத்தை இப்பிடித்தானே பிடிப்பா." பாட்டு முழுக்க என்னுடைய அந்தப் பதினைந்தரை நொடியின் மேல்தான் நின்றது. வேறு எந்த மெட்டும் அதில் இல்லை.

மறுநாள் தயாரிப்பாளருக்கு போன் செய்தேன். "அன்றைக்கே பணம் கொடுத்தாயிற்றே" என்றார். இசைக்கலைஞர்களின் தொழிற்சங்கமான மியூசிசியன்ஸ் யூனியன் தன் உறுப்பினர்களின் ஒப்பந்தங்களைப் படித்து ஆலோசனை சொல்லும். அங்கே அந்தத் தாளைக் காட்டினேன். அந்த அமர்வில் உருவாகும் எல்லா இசைப் படைப்பின் உரிமையையும் அவர்களுக்கே மாற்றித் தருகிறேன் என்று நாலாவது பத்தியில் இருந்தது. பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை இன்னொருவருக்கு மாற்ற எழுத்தும் கையொப்பமும் வேண்டும். வாய்ப்பேச்சில் போகாது. அதாவது நான் மெட்டைப் பாடியதால் அதை இழக்கவில்லை. 120 பவுண்டை வாங்கியதாலும் இழக்கவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு போட்ட அந்தக் கையெழுத்தால் இழந்தேன். "வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு நாளைக்கு அனுப்புகிறேன்" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்.

கிளேர் டோரி என்ற ஆங்கிலப் பாடகியின் கதை நடன இசையைச் சேர்ந்தது அல்ல, ஆனால் செஷன் பாடுகிற எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். 1973இல் ஏபி ரோடு ஸ்டூடியோவில், பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் குழுவின் ஒரு பாட்டுக்கு, வரியே இல்லாமல் தோன்றியதைப் பாடினார். கூலி 30 பவுண்ட். அந்தப் பாட்டை உலகமே கேட்டது. 2004இல் அவர் வழக்குப் போட்டார். 2005இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆகி, பாட்டை இயற்றியவர்களில் ஒருவராக அவர் பெயரும் ஏறியது. 1973இலிருந்து எண்ணிப் பாருங்கள், எத்தனை ஆண்டுகள்!

ராகம் பொதுச்சொத்துதானே, இதில் நீங்கள் என்ன இயற்றினீர்கள் என்று கேட்பார்கள். என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ராகம் பொது, சரி. அதில் கோத்த சங்கதி கோத்தவருடையது. ஏ மைனரும்தான் யாருடைய சொத்தும் இல்லை, அதில் பாட்டுப் போட்ட எல்லோரும் காசு வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆகவே, மைக்கின் முன்னால் போவதற்கு முன் கேளுங்கள்: "மெட்டு இருக்கிறதா, நான் போட வேண்டுமா?" நீங்கள் போடுவதென்றால் பங்கு எவ்வளவு என்று அப்போதே பேசுங்கள். மெட்டும் வரியும் முழுக்க உங்களுடையதானால் பாதி கேட்பது இந்தத் துறையில் வழக்கம்தான், பேராசை இல்லை. பாதி வழியில் மெட்டு மாறி உங்களுடையதாகிவிட்டால், அன்றிரவே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள். தேதி, பாட்டுக்கு வைத்திருக்கும் தற்காலிகப் பெயர், யார் யார் என்ன செய்தீர்கள், யாருக்கு எத்தனை சதவீதம், அவ்வளவுதான். பாடியதைக் கைப்பேசியில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு வெளியாவதற்கு முன், பாட்டை இயற்றியவர்களுக்கான பணத்தை வசூலித்துத் தரும் பிஆர்எஸ் ஃபார் மியூசிக்கில் உங்கள் பங்கைப் பதியுங்கள். பங்கு தர மாட்டோம் என்றால் அவர்கள் தரும் மெட்டை மட்டும் பாடுங்கள், ஒரு சங்கதிகூடக் கூட்டாதீர்கள்.

இப்படிக் கேட்டதால் எனக்கு ஒரு வேலை போயிருக்கிறது. இத்தனை ஆண்டில் ஒன்றே ஒன்று.

உங்கள் குரலுக்கு வேறு முகம் வைக்க மாட்டார்கள் என்று நம்புவது

வைப்பார்கள். அமெரிக்கப் பாடகி லோலியாட்டா ஹாலோவே 1980இல் பாடிய குரலை எடுத்து, 1989இல் பிளாக் பாக்ஸ் என்ற இத்தாலியக் குழு ஒரு பாட்டுச் செய்தது. பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடம். மேடையில் வாயசைத்தவர் ஒரு பிரெஞ்சு மாடல். அடுத்த ஆண்டு மார்த்தா வாஷ் என்ற பாடகிக்கும் அதேதான். அதே குழுவின் ஆல்பத்தில் பெரும்பாலான பாட்டுகளை அவர் பாடியிருந்தார், அட்டையில் இருந்தது அந்த மாடல். சி அண்ட் சி மியூசிக் ஃபாக்டரியின் பாட்டில் எல்லோரும் கூடவே கத்துகிற அந்தக் குரலும் மார்த்தாவுடையது, வீடியோவில் வாயசைத்தது இன்னொரு பாடகி. மார்த்தா நீதிமன்றம் போய்த்தான் தன் குரலைத் தன்னுடையது என்று சொல்ல முடிந்தது.

எந்தப் பெயரில் உங்களைக் குறிப்பிடுவார்கள், வீடியோவிலும் மேடையிலும் அந்தக் குரலோடு யார் நிற்பார்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

பிபிஎல்லில் சேராமல் இருப்பது

பிரிட்டனில் வானொலியிலும் கடையிலும் கிளப்பிலும் ஒலிப்பதிவு ஒலித்தால் பணம் வசூலித்துப் பிரிப்பது பிபிஎல். பாதி ஒலிப்பதிவின் உரிமையாளருக்கு, பாதி பாடியவர்களுக்கும் வாசித்தவர்களுக்கும். அந்தப் பாதியில் 65 சதவீதம் முதன்மைக் கலைஞருக்கு, 35 சதவீதம் எங்களைப் போன்றவர்களுக்கு. சேரக் கட்டணம் கிடையாது. முக்கியமானது, இந்த ஊதியத்துக்கான உரிமையை எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாலும் கம்பெனிக்கு விற்றுவிட முடியாது, சட்டம் விடாது. நான் மேலே சொன்ன பாட்டிலிருந்து எனக்கு இன்றுவரை வரும் காசு இது ஒன்றுதான். அதுவும் பாடியவர்கள் பட்டியலில் என் பெயரைச் சேர்க்கச் சொல்லி நானே கேட்டு வாங்கியது.

சென்னையில் கோரஸ் பாடும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. இந்தியாவில் 2012 சட்டத் திருத்தம் பாடகர்களுக்கும் ராயல்டி உரிமை கொடுத்தது. அடுத்த ஆண்டு பாடகர்களுக்கென்று இஸ்ரா அமைப்பும் வந்தது. ஆனால் அதே திருத்தத்தில், ஒரு படத்தில் தற்செயலாகவோ சிறிதாகவோ பங்களித்து, துறை வழக்கப்படி டைட்டிலில் பெயர் வராத ஒருவரை, சில விஷயங்கள் தவிர, நிகழ்த்துகலைஞராகவே கருதக்கூடாது என்றும் இருக்கிறது. பெயர் போடச் சொல்லிக் கேட்பது வெறும் ஆசைக்காக அல்ல.

நாலு பெயரில் பாடி, ஒன்றை மட்டும் பதிவது

எல்லாப் பெயரையும் பிபிஎல்லில் பதியுங்கள்.

சாம்பிள் பேக்குக்கு யோசிக்காமல் பாடுவது

சாம்பிள் பேக் என்பது யாரும் வாங்கித் தங்கள் பாட்டில் போட்டுக்கொள்ளும் ஒலித்துண்டுகளின் தொகுப்பு. ஒரு தடவை காசு வாங்கினால், அந்தக் குரல் யாருடைய பாட்டிலும் எந்த வரிக்குப் பக்கத்திலும் வரும். தடுக்க முடியாது. இப்போது வரும் தாள்களில் குரலைக் கணினிக்குக் கற்பிக்க அனுமதி கேட்கும் வரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஹெட்ஃபோனில் பேஸை ஏற்றிக்கொண்டு பாடுவது

சுருதி இறங்கும். குறைக்கச் சொல்லுங்கள். ஒரு காதைத் திறந்து பாடுவதானால், அந்தப் பக்கத்துக் கப்பைத் தலையோடு அழுத்தி வையுங்கள், இல்லையென்றால் மைக்கில் கிளிக் ஏறும்.

வீட்டில் பதிந்து அனுப்பும்போது

எதிரொலி, சுருதித் திருத்தம் எதுவும் சேர்க்காமல் அனுப்புங்கள். எல்லாக் கோப்பும் பாட்டின் முதல் நொடியிலிருந்தே தொடங்க வேண்டும். நீங்கள் மூன்றாவது நிமிடத்தில் ஒரே ஒரு "ஆ" பாடியிருந்தாலும் சரி.

அந்தப் பிள்ளை இன்னும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை, நல்லகாலம். இரண்டு பேரும் என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அந்தச் செய்தியை எழுதினோம். முதலில் எழுதியதில் "சும்மா பாடியதுதான், ஆனாலும்" என்று தொடங்கியிருந்தாள். அதை அழிக்கச் சொன்னேன். மறுநாள் காலை பதில் வந்தது, இருபது சதவீதம் தருகிறோம் என்று. நாற்பது கேட்டிருக்கிறாள். பேச்சு இன்னும் நடக்கிறது.