கெட்ட செய்தி தாமதிக்காத அலுவலகம்: சிறு மென்பொருள் நிறுவனத்தின் பணிக் கலாசாரத்தைச் சீரமைப்பது எப்படி

பத்து முதல் நாற்பது பேர் வரை பணியாற்றும் மென்பொருள் நிறுவனத்தில் பணிக் கலாசாரம் என்று பேச்செடுத்தால், பெரும்பாலான நிறுவனர்களுக்கு வெள்ளிக்கிழமை விளையாட்டுகளும், ஆண்டுக்கொரு முறை ஏற்காட்டுக்கோ வால்பாறைக்கோ போகும் சுற்றுலாவும், வரவேற்பறைச் சுவரில் ஒட்டிய வாசகங்களும்தான் நினைவுக்கு வருகின்றன. அவற்றில் தவறேதும் இல்லை. ஆனால் ஒரு வேலை சொன்ன தேதிக்குள் முடியாது என்பது அதைச் செய்பவருக்குத் தெரிந்த நாளுக்கும், நிறுவனரின் காதுக்கு எட்டிய நாளுக்கும் இடையே எத்தனை நாள் கழிந்தது என்று பார்த்தால், அந்த அலுவலகத்தின் உண்மை நிலை தெரிந்துவிடும். கோவை சரவணம்பட்டியிலோ சென்னை பழைய மகாபலிபுரம் சாலையிலோ ஒரு தளத்தை வாடகைக்கு எடுத்து, வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்து கொடுக்கும் நிறுவனங்களை மனத்தில் வைத்து, அந்த இடைவெளியைக் குறைக்கும் வழிகளைக் கீழே விளக்குகிறேன்.

முதலில் நிலவரத்தை அறிதல்

கடந்த ஆறு மாதங்களில் வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்க நேர்ந்த மூன்று சம்பவங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: தள்ளிப்போன ஒரு ரிலீஸ் (புதிய பதிப்பு வெளியீடு), புரொடக்‌ஷன் (வாடிக்கையாளர் பயன்படுத்தும் சூழல்) வரை போய்விட்ட ஒரு பக் (நிரல் பிழை), மதிப்பிட்டதைப் போல இருமடங்கு நேரம் பிடித்த ஒரு வேலை. சிக்கல் இருப்பது முதலில் யாருக்குத் தெரிந்தது, எந்தத் தேதியில் தெரிந்தது, அவர் யாரிடம் சொன்னார், உங்களிடம் எப்போது வந்தது என்பதை ஸ்லாக் (அலுவலக அரட்டைச் செயலி) உரையாடல்களையும் டிக்கெட்டுகளையும் (ஒவ்வொரு வேலைக்கும் போடும் பதிவுகள்) வைத்து ஒரு தாளில் எழுதுங்கள். யார் மீது தவறு என்ற கேள்வியை அப்போது ஒத்திவைத்துவிட்டு, செய்தி எந்த இடத்தில் நின்றுபோனது என்பதை மட்டும் பாருங்கள். பெரும்பாலும் அது டீம் லீடின் மேசையில் நின்றிருக்கும். "பிரச்சினையோடு வராதீர்கள், தீர்வோடு வாருங்கள்" என்று நீங்கள் என்றோ ஒரு கூட்டத்தில் சொல்லியிருந்தால், அவரைக் குறை சொல்வதில் பொருளில்லை. தாமே தீர்க்கக்கூடிய சிக்கலை ஊழியர் எப்படியும் தீர்த்துவிடுவார். அவரால் தீர்க்க முடியாத சிக்கல்தான் உங்களுக்குத் தெரிய வேண்டியது, அதைத்தான் அந்த வாசகம் தடுத்துவிடுகிறது.

பெயர் தெரியாத கருத்துக்கணிப்பு நடத்தலாமா என்று பலர் கேட்பதுண்டு. பதினைந்து பேர் உள்ள இடத்தில் அதனால் பயன் குறைவு. டெஸ்டிங் பிரிவில் இருவர்தான் என்றால், டெஸ்டிங்கைப் பற்றிய குறையை எழுதியவர் யார் என்பதைக் கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் தேவையில்லை; ஊழியர்களுக்கும் அது தெரியும். மாதம் ஒரு முறை ஒவ்வொருவருடனும் அரைமணி நேரம் தனியே பேசுவது இதைவிடப் பயன் தரும். அந்தப் பேச்சை உங்கள் அறையில், உங்கள் மேசைக்கு எதிரே அமர வைத்து நடத்தாதீர்கள். கீழே டீக்கடை வரை நடந்துவிட்டு வரலாம். அப்ரைசல் நடக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் தொடங்கவும் வேண்டாம், ஏனென்றால் அப்போது எதைச் சொன்னாலும் அது சம்பள உயர்வோடு முடிச்சுப் போடப்படும். "எப்படிப் போகிறது?" என்று கேட்டால் "நல்லா போகுது சார்" என்ற பதில்தான் கிடைக்கும். "போன வாரம் எந்த வேலையில் தேவையில்லாமல் நேரம் போனது?", "இப்போதைய ரிலீஸில் எந்தப் பகுதியைத் தொடப் பயமாக இருக்கிறது?", "யாருடைய பதிலுக்காகக் காத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால் பேச்சு நகரும். அவர் சொன்ன குறைகளில் ஒன்றையாவது அடுத்த வாரமே சரிசெய்யுங்கள். சரிசெய்ய முடியாது என்றால் ஏன் முடியாது என்பதை அவரிடமே சொல்லிவிடுங்கள்.

இப்படித் தொடங்கிய பிறகு உங்களிடம் வரும் குறைகளின் எண்ணிக்கை கூடும். அதைக் கண்டு கலங்க வேண்டாம். ஹார்வர்டு பேராசிரியர் எமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைச் செவிலியர் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கிய குழுக்களில்தான் மருந்து கொடுப்பதில் நேர்ந்த பிழைகள் அதிகம் பதிவாகியிருப்பதைக் கண்டார். அந்தக் குழுக்களில் பிழையைச் சொல்ல யாரும் அஞ்சவில்லை என்பதே அதற்கு அவர் கண்ட விளக்கம்.

பிழை நேர்ந்த மறுநாள்

ஓராண்டு முழுவதும் நீங்கள் பேசும் நல்வார்த்தைகளைக் காட்டிலும், சர்வர் விழுந்த மறுநாள் காலை நீங்கள் நடந்துகொள்ளும் விதத்தைத்தான் ஊழியர்கள் உற்றுக் கவனிக்கிறார்கள். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்லாப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று நடந்தது இதற்கு நல்ல பாடம். டேட்டாபேஸ் நகலெடுப்பில் வந்த கோளாறைச் சரிசெய்ய இரவில் வெகுநேரம் வேலை செய்துகொண்டிருந்த பொறியாளர் ஒருவர், துணைச் சர்வர் என்று நினைத்து முதன்மைச் சர்வரின் டேட்டாபேஸ் கோப்புறையை அழித்துவிட்டார். ஓரிரு விநாடிகளில் சுதாரித்து நிறுத்தியும், ஏறத்தாழ 300 ஜிபியில் 4.5 ஜிபி அளவே எஞ்சியது. பேக்கப்பை (காப்பு நகலை) தேடியபோது அங்கே ஒன்றுமில்லை. பேக்கப் எடுக்கும் கருவியின் பதிப்பு டேட்டாபேஸின் பதிப்போடு பொருந்தாததால் அது தோல்வியடைந்துகொண்டே இருந்திருக்கிறது, அதை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டு யாரையும் சென்றடையவில்லை. சோதனைச் சூழலுக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு நகலிலிருந்துதான் மீண்டார்கள். மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டிய அந்நிறுவனம், பின்னர் வெளியிட்ட அறிக்கையில் பொறியாளரின் பெயரைச் சொல்லவில்லை. பேக்கப் ஏன் வேலை செய்யவில்லை, தவறான சர்வரில் கட்டளையிடுவது ஏன் அவ்வளவு எளிதாக இருந்தது என்ற கேள்விகளுக்கு அங்கே இடம் கொடுக்கப்பட்டது.

உங்கள் அலுவலகத்தில் அத்தகைய விசாரணையை நடத்த ஒரு மணி நேரம் போதும். சிக்கல் தீர்ந்த இரண்டொரு நாளுக்குள், அதில் நேரடியாக ஈடுபட்டவர்களை மட்டும் அழைத்து, முதலில் நேர வரிசையை எழுதுங்கள்: 4.10க்கு அலர்ட் வந்தது, 4.25க்கு ஒருவர் பார்த்தார், 5.00க்கு வாடிக்கையாளரிடமிருந்து அழைப்பு வந்தது என்ற அளவில் போதும். அதன் பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும், அந்த நிமிடத்தில் அவருக்கு என்ன தெரிந்திருந்தது, அவருடைய முடிவு அப்போது ஏன் சரியென்று பட்டது என்று கேளுங்கள். "இனிமேல் கவனமாக இருக்க வேண்டும்" என்பதைத் தீர்வாக எழுத அனுமதிக்காதீர்கள், அது எதையும் மாற்றாது. புரொடக்‌ஷன் சர்வரின் டெர்மினல் (கட்டளைகளைத் தட்டும் திரை) சிவப்பு நிறத்தில் தெரியும்படி செய்வது, வாரம் ஒரு முறை பேக்கப்பிலிருந்து உண்மையிலேயே மீட்டெடுத்துப் பார்ப்பது போன்ற தீர்வுகளைப் பெயரும் தேதியும் குறித்து டிக்கெட்டாகப் போடுங்கள். கூட்டத்தில் நீங்கள் கடைசியாகப் பேசுவது நல்லது; நிறுவனர் முதலில் ஒரு காரணத்தைச் சொல்லிவிட்டால், மற்றவர்கள் அதற்குச் சான்று தேடத் தொடங்கிவிடுவார்கள்.

அன்றாடப் பழக்கங்கள்

அவரவர் வேலை நிலவரத்தைச் சுருக்கமாகச் சொல்லும் காலை ஸ்டாண்ட்-அப் கூட்டத்தை வெளிநாட்டு வாடிக்கையாளர் யாரும் இல்லாத நாளிலும் ஆங்கிலத்தில் நடத்தும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தமிழ்வழியில் படித்துவிட்டு நாமக்கல், திண்டுக்கல் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து வரும் ஃபிரெஷர்கள், தாம் மாட்டிக்கொண்ட இடத்தை ஆங்கிலத்தில் விளக்கத் தயங்கி, "கோயிங் ஆன், வில் ஃபினிஷ் டுடே" என்று முடித்துக்கொள்கிறார்கள். அவர்களுடைய சிக்கல் மூன்றாம் நாள்தான் வெளிப்படுகிறது. குழுவில் அனைவரும் தமிழ் அறிந்தவர்களாக இருந்தால் பேச்சு தமிழிலும் டிக்கெட் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். தமிழ் அறியாத ஒருவர் சேர்ந்தால் அவரைத் தவிக்கவிடாமல் மாற்றிக்கொள்ளுங்கள்.

கோட் ரிவியூவில் (ஒருவர் எழுதிய நிரலை மற்றவர் சரிபார்ப்பதில்) மூத்தவர் எழுதிய நிரலை இளையவரும் பார்க்க வேண்டும் என்பதை விதியாக்குங்கள். இளையவர் கேட்கும் கேள்விக்கு மூத்தவர் எழுத்தில் பதில் சொல்லாமல் ரிலீஸ் போகாது என்ற நிலை வந்தால், "சார்" என்ற அழைப்பை ஒழிக்க வேண்டிய அவசியமே இல்லை. அழைப்பு முறையை மாற்றுவதில் சில நிறுவனங்கள் காட்டும் தீவிரம் எனக்குச் சற்று வேடிக்கையாகவே தோன்றுகிறது. அண்ணா என்று அழைத்துக்கொண்டே பிழையைச் சுட்டிக்காட்டுபவர்களும் உண்டு, பெயர் சொல்லி அழைத்துக்கொண்டே வாய் திறக்காதவர்களும் உண்டு.

அமெரிக்க வாடிக்கையாளருடன் இரவு பத்து மணி வரை அழைப்பில் இருந்தவர் மறுநாள் காலை ஒன்பதரைக்கு வந்தாக வேண்டுமா என்பதை அவரவர் தீர்மானத்துக்கு விட்டால், எல்லோரும் பயந்துகொண்டு வந்துவிடுவார்கள். ஆகவே எட்டு மணிக்குப் பின் அழைப்பு இருந்தால் மறுநாள் மதியம் வந்தால் போதும் என்று தெளிவாக அறிவியுங்கள். இரவு பதினொரு மணிக்கு உங்களுக்கு வரும் யோசனையை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். "நாளைக்குப் பார்த்தால் போதும்" என்று சேர்த்து எழுதினாலும், முதலாளியின் செய்தியைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர் குறைவு. காலையில் போகும்படி நேரம் குறித்து வைக்கும் வசதி மின்னஞ்சலிலும் ஸ்லாக்கிலும் இருக்கிறது.

எழுத்தில் இருக்க வேண்டியவை

விடுப்பு, வீட்டிலிருந்து வேலை, சம்பள உயர்வுக்கான அளவுகோல், நோட்டீஸ் பீரியட் ஆகியவை நான்கைந்து பக்கங்களில் எழுதப்பட்டு அனைவரும் பார்க்கும் இடத்தில் இருந்தால் போதும். விதிவிலக்கு அளித்தால் அதையும் எழுதுங்கள். ஒருவருக்கு மட்டும் தனியே காட்டிய சலுகை அன்று மாலையே எல்லோருக்கும் தெரிந்துவிடும். வேலையைவிட்டுப் போகாமலிருக்க மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தால், இன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிணையாக இருத்தி வைக்கப்பட்டவர் உங்களிடம் உண்மை பேசுவார் என்று எதிர்பார்க்க முடியாது.

2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் அலுவலகத்தில் இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு கட்டாயம். மூத்த பெண் ஊழியர் ஒருவர் அதற்குத் தலைமை வகிக்க வேண்டும். உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்களாகவும், ஒருவர் வெளியிலிருந்து வந்தவராகவும் இருக்க வேண்டும். விசாரணையைத் தொண்ணூறு நாட்களுக்குள் முடிக்க வேண்டும். சிறு நிறுவனங்களில் ஹெச்.ஆர். பொறுப்பில் இருக்கும் நிறுவனரின் மனைவியே தலைவராகவும் அமர்த்தப்படுவது உண்டு. அப்படிப்பட்ட குழுவிடம் நிறுவனரின் நண்பரைப் பற்றி யாரும் புகார் கொடுக்க மாட்டார்கள், ஆகையால் வெளி உறுப்பினரின் பெயரும் தொலைபேசி எண்ணும் எல்லோருக்கும் தெரியும்படி வையுங்கள்.

எல்லாம் தெரிந்த ஒருவர்

ஏறக்குறைய ஒவ்வொரு சிறு நிறுவனத்திலும், பழைய நிரல் முழுவதையும் அறிந்த, அவசரத்தில் எல்லோரும் நாடுகிற ஒருவர் இருப்பார். அவர் கேள்வி கேட்பவர்களை எள்ளி நகையாடுபவராகவும் இருந்தால், நீங்கள் மேலே சொன்ன அனைத்தையும் செய்தும் பலன் கிட்டாது. அவரிடம் பொத்தாம்பொதுவாகப் பேசாமல், "செவ்வாய்க்கிழமை ரிவியூவில் நீங்கள் இப்படி எழுதினீர்கள், அதன் பிறகு அவர் இரண்டு நாள் ரிவியூவுக்கே எதையும் அனுப்பவில்லை" என்று சம்பவத்தைச் சுட்டிப் பேசுங்கள். கூடவே, அவருக்கு மட்டும் தெரிந்த பகுதிகளை வேறு இருவருக்குப் பிரித்துக் கொடுத்து, அவரைப் பக்கத்தில் இருந்து வழிகாட்டச் சொல்லுங்கள். மூன்று மாதங்களில் மாற்றம் தெரியாவிட்டால் அவரை அனுப்பிவிடலாம். அந்தப் பகுதிகள் அதற்குள் மற்றவர்களுக்குப் பழகியிருக்கும் என்பதால், அந்த முடிவை எடுக்க உங்களுக்கும் துணிவு வரும்.

ஆட்கள் கூடும்போது

இருபத்தைந்து பேரைத் தாண்டியதும் எல்லாக் கூட்டத்திலும் நீங்கள் இருக்க முடியாது. குழுக்களாகப் பிரிப்பது தவிர்க்க முடியாததாகும். ஒரு நிறுவனத்தில் யார் யாருடன் பேசுகிறார்கள் என்ற அமைப்பே அது உருவாக்கும் மென்பொருளின் அமைப்பாகவும் வெளிப்படும் என்று கணினி அறிஞர் மெல்வின் கான்வே 1968இல் எழுதியது இங்கே அப்படியே பொருந்தும். மொபைல் செயலிக் குழுவும் சர்வர் குழுவும் லீடுகள் வழியாக மட்டும் பேசிக்கொண்டால், பிழைகள் அந்த இரண்டும் சேரும் இடத்தில் குவியும். ஆகவே குழுவைப் பிரிக்கும் நாளிலேயே, ஒரு குழுவின் ஊழியர் மற்றக் குழுவின் ஊழியரிடம் நேரடியாகக் கேட்கலாம் என்பதை லீடுகளின் முன்னிலையில் அறிவியுங்கள்.

விலகிப் போகிறவரிடம் காரணம் கேட்பதைப் பொறுத்தவரை, நோட்டீஸ் பீரியட் காலத்தில் ஹெச்.ஆர். நடத்தும் நேர்காணலால் பெரிய பயனில்லை. ரிலீவிங் கடிதமும் கடைசிச் சம்பளமும் கைக்கு வராத நிலையில், மேற்படிப்பு, சொந்த ஊர், குடும்பச் சூழல் என்றுதான் பதில் வரும். அவருக்குச் சேர வேண்டிய பணத்தையும் கடிதத்தையும் தாமதமின்றிக் கொடுத்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து நீங்களே தொலைபேசியில் அழைத்து, போக வேண்டும் என்ற எண்ணம் முதன்முதலில் வந்தது எந்த வாரத்தில், அந்த வாரம் அலுவலகத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள்.