வன்னியில் சாப்பாடும் சாமானும் ஆப்பில் எடுக்கிறவர்களுக்கும் அதைக் கொண்டு ஓடுகிறவர்களுக்கும்

எந்த ஆப் நல்லது என்று கொழும்பில் இருக்கும் சொந்தக்காரரிடம் கேட்டால் உடனே ஒரு பெயர் சொல்வார். அந்தப் பதில் வவுனியா நகருக்குப் பாதி பொருந்தும், கிளிநொச்சிக்குக் கால்வாசி, ஒட்டுசுட்டான் பக்கம் போனால் பொருந்தவே பொருந்தாது. பிக்மீ 2015இல் வாடகை வாகன ஓட்டத்தோடு தொடங்கி பிறகு சாப்பாட்டுக்கு வந்தது, ஊபர் ஈட்ஸ் 2018இல் கொழும்பில் தொடங்கியது. கடையும் வீடும் ரைடரும் இரண்டு மூன்று கிலோமீற்றருக்குள் இருக்கும் இடத்துக்குப் போட்ட கணக்கு அது. எங்கள் பக்கம் கடை ஏ9 வீதியில் இருக்கும், வீடு வாய்க்கால் தாண்டி வயல் கரையில் இருக்கும், சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு ரைடர் வெறும் பெட்டியோடு அவ்வளவு தூரமும் திரும்பி வரவேண்டும். அந்த வெறும் ஓட்டத்துக்கு யார் காசு கொடுக்கிறார் என்று பாருங்கள். வாங்குகிறவரோ, கடைக்காரரோ, ரைடரோ யாரோ ஒருவர் கொடுத்தே ஆகவேண்டும். இங்கே ஆப்களை ஒப்பிடுவது என்றால் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்.

உங்கள் படலை வரை வருகிறதா

ஆப்பைப் போட்டவுடன் கார்ட் விபரம் எதையும் கொடுக்காதீர்கள். லொக்கேஷன் குறியை டவுனில் வைக்காமல் உங்கள் படலையில் வையுங்கள். சில ஆப்களில் டவுன் கடைகள் எல்லாம் வடிவாக வரிசையில் தெரியும், தெரிந்து சாமான் போட்டு கடைசிப் பக்கத்துக்குப் போன பிறகுதான் உங்கள் இடத்துக்கு வராது என்று சொல்லும். அதனால் ஏதாவது ஒரு சாமானைப் போட்டு, காசு கட்டும் பக்கம் வரை போய்ப் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள், ஓடர் போகாது. இதை மத்தியானம் ஒருக்கால், இரவு ஏழரை எட்டு மணிக்கு ஒருக்கால் செய்யவேண்டும், ஏனென்றால் பகலில் ஓட ஆள் இருந்து இரவில் ஒருவரும் இல்லாத இடங்கள் நிறைய.

வரவில்லையா? சரி, அதோடு முடியவில்லை. முகநூல் பக்கமும் வாட்ஸ்அப் நம்பரும் வைத்துக்கொண்டு ஊருக்குள் ஓடும் பெடியங்கள் இருக்கிறார்கள். கோல் எடுத்தால் கடையில் வாங்கிக்கொண்டு வரும் ஓட்டோ அண்ணை இருக்கிறார். சாமான் என்றால் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ கடைக்காரர் கட்டி பஸ்ஸில் ஏற்றிவிட, சந்தியில் நின்று வாங்கும் பழக்கம் இருக்கிறது. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு போகும் ஏ34 வீதியில் உள்ள ஊர்களுக்கு இந்தப் பஸ் பார்சல் பல தடவை எந்த ஆப்பையும் விட மலிவாகவும் நேரத்துக்கும் வரும். இவற்றையும் ஆப்களோடு ஒரே தட்டில் வைத்துத்தான் ஒப்பிடவேண்டும். பெரிய கம்பனியின் ஆப் என்பதால் மட்டும் அது முதலிடம் இல்லை.

டெலிவரிக் கட்டணத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

ஆட்கள் எல்லாரும் முதலில் பார்ப்பது டெலிவரிக் கட்டணத்தை. இலவச டெலிவரி என்று போட்டிருந்தால் அதில்தான் கை போகிறது. பார்க்கவேண்டியது சாப்பாட்டின் விலையை. ஆப் நிறுவனம் கடையிடம் ஒவ்வொரு ஓடருக்கும் கொமிஷன் எடுக்கும், அது பெரிய வீதம், அதை ஈடுகட்டக் கடைக்காரர் ஆப்பில் விலையைக் கூட்டி வைப்பார். கடைக்காரரை இதில் குறை சொல்ல எனக்கு மனம் வராது, கொத்துக் கல்லுக்கு முன்னால் நின்று வேகிறவருக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

ஒரு கணக்கு வைத்துப் பார்ப்போம். கடையில் 900 ரூபா விற்கும் கோழிக் கொத்து ஆப்பில் 1,080. டெலிவரி 150, சேவைக் கட்டணம் 50. மொத்தம் 1,280. இன்னொரு ஆப்பில் டெலிவரி இலவசம், ஆனால் கொத்து 1,250, சேவைக் கட்டணம் 60. மொத்தம் 1,310. இலவசம் என்று சொன்னதுதான் 30 ரூபா கூட. ஊர்ப் பெடியன் கடை விலைக்கே எடுத்துவந்து 250 ரூபா கேட்டால் 1,150தான். ஒன்றுக்கு இப்படி. அதே வீட்டில் நாலு கொத்து எடுத்தால் வித்தியாசம் இன்னும் விரியும், விலை கூட்டியது ஒவ்வொரு கொத்திலும் ஏறும், பெடியனின் 250 ஒரு தடவைதான். ஆகவே ஒருவருக்கு எடுக்கும்போது கழிவு கூப்பன் உள்ள ஆப் சரியாக வரலாம், குடும்பத்துக்கு எடுக்கும்போது கடை விலைக்கு வாங்கித் தருகிறவர்தான் பெரும்பாலும் இலாபம்.

கடை விலையை எப்படி அறிவது? கடைக்குக் கோல் எடுத்துக் கேளுங்கள். கேட்கும்போதே அவர்களிடம் சொந்த டெலிவரி இருக்கிறதா என்றும் கேளுங்கள், பல சாப்பாட்டுக் கடைகள் கிட்டடிக்கு ஆள் வைத்து அனுப்புகின்றன, ஆனால் ஆப்பில் அதைச் சொல்வதில்லை.

கழிவு கூப்பனில் இன்னொன்று. முதல் ஓடருக்குப் பாதி விலை என்பது உங்களைப் பழக்குவதற்குப் போடும் காசு. எடுங்கள், நல்லாய்ச் சாப்பிடுங்கள், ஆனால் எது மலிவு என்று ஒப்பிடும்போது அந்த ஓடரைக் கணக்கில் சேர்க்கவேண்டாம்.

பலசரக்கு வேறு கதை

சாப்பாட்டில் விலையைக் கூட்டி வைக்கலாம். பக்கெட் சாமானில் அது முடியாது. பால்மா, சவர்க்காரம், பிஸ்கட், பம்பர்ஸ் எல்லாவற்றிலும் அதிகபட்ச சில்லறை விலை அடித்திருக்கும், அதற்கு மேல் விற்கக்கூடாது, ஆப்பில் என்றாலும் அதேதான். வந்தவுடன் பக்கெட்டைத் திருப்பி விலையையும் காலாவதித் திகதியையும் பாருங்கள். அதை விடக் கூட விலை எடுத்திருந்தால் பில்லையும் பக்கெட்டையும் ஒன்றாய்ப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977இல் அழைத்துச் சொல்லலாம்.

நிறுத்துத் தரும் சாமான், அதாவது சீனி, பருப்பு, வெங்காயம், மரக்கறி, இதில்தான் ஒவ்வொரு சேவைக்கும் வித்தியாசம் தெரியும். பார்க்கவேண்டியது இரண்டு. கேட்ட சாமான் இல்லையென்றால் உங்களைக் கேட்காமல் வேறொன்றைப் போட்டு அனுப்புகிறார்களா, கேட்டுத்தான் அனுப்புகிறார்களா. பழுதானதைத் திருப்பிக் கொடுக்க எவ்வளவு நேரம் தருகிறார்கள். இரண்டாவதற்குப் பதில் ஆப்பின் உதவிப் பக்கத்தில் இருக்கும், வாங்கும் முன்னமே வாசித்துவிடுங்கள்.

மீனை மட்டும் ஆப்பில் தேடவேண்டாம். முல்லைத்தீவுக் கரையில் இருந்து ஐஸ் பெட்டியோடு மோட்டார் சைக்கிளில் வருகிற வியாபாரி உங்கள் படலையில் நின்று செவுளைத் தூக்கிக் காட்டி விற்கிறார். அதற்கு ஈடான ஆப்பை நான் இன்னும் காணவில்லை.

விலாசம்

எங்கள் பக்கம் விலாசம்தான் பாதிப் பிரச்சினை. வீட்டு இலக்கம் இருந்தாலும் ஒழுங்கையில் அது எங்கேயும் எழுதியிருக்காது. உருத்திரபுரத்தில் நின்று ரைடர் கோல் எடுப்பார்.

"அண்ணை, எத்தினையாம் வாய்க்கால்?"

"பத்தாம் வாய்க்கால் தம்பி, பொதுநோக்கு மண்டபம் தாண்டி வாங்கோ."

"மண்டபம் தாண்டீட்டன் அண்ணை, இஞ்ச ரோட்டு ரெண்டாப் பிரியுது."

அதற்குள் சிக்னல் போய்விடும். சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கும். இதைத் தவிர்க்க ஒரு தடவை மினக்கெட்டால் போதும். பகலில் படலையில் நின்று கூகுள் வரைபடத்தில் குறியைப் போட்டு, அதை வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிச் சேமித்து வையுங்கள். ஆப்பில் குறிப்பு எழுதும் இடத்தில் இரவிலும் தெரிகிற அடையாளத்தை எழுதுங்கள்: கோயில், சங்கக்கடை, முன்பள்ளி, டவர். பச்சை மதில் என்றோ மாமரம் என்றோ எழுதினால் இருட்டில் அவருக்கு என்ன தெரியும்? டயலொக் எடுக்காத இடத்தில் மொபிட்டெல் எடுக்கும், மறுபுறமும் நடக்கும், ஆகவே வீட்டில் இரண்டு வலையமைப்பு இருந்தால் எடுக்கிற நம்பரை ஆப்பில் கொடுங்கள். மாரியில் ஒழுங்கை வெள்ளமாய் இருந்தால் பிரதான வீதிக்கு நீங்களே வந்து வாங்குங்கள், அவர் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதைவிட அது இருவருக்கும் நல்லது.

ஓடுகிற தம்பிமாருக்கு

எந்த ஆப்பில் சேர்வது என்று கேட்கிற பெடியங்கள் எல்லாரும் ஒரு ஓடருக்கு எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். ஒரு மணித்தியாலத்துக்குக் கையில் எவ்வளவு மிஞ்சும் என்று கேளுங்கள்.

பெற்றோல் லீற்றர் 300 ரூபா, உங்கள் மோட்டார் சைக்கிள் லீற்றருக்கு 45 கிலோமீற்றர், டயர், ஒயில், பிரேக், சங்கிலி எல்லாவற்றுக்கும் கிலோமீற்றருக்கு 3 ரூபா என்று வைப்போம். கிளிநொச்சி டவுனில் இருந்து வெளியே 8 கிலோமீற்றருக்கு ஒரு ஓடர், கூலி 250 ரூபா. போக 8, வர 8, கடைக்குப் போக ஒன்று, மொத்தம் 17. பெற்றோல் 113, தேய்மானம் 51. மிச்சம் 86 ரூபா. கடை வாசலில் காத்து நின்றதையும் சேர்த்தால் ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட. டவுனுக்குள் 2 கிலோமீற்றர் ஓடர், கூலி 120. மொத்த ஓட்டம் நாலரை. பெற்றோல் 30, தேய்மானம் பதின்மூன்றரை. மிச்சம் எழுபத்தாறரை ரூபா, இருபது இருபத்தைந்து நிமிடத்தில். 250ஐப் பார்த்து ஓடினவருக்கும் 120ஐப் பார்த்து ஓடினவருக்கும் ஒரு ஓடரில் மிஞ்சியது ஏறக்குறைய ஒன்றுதான், 120க்கு ஓடினவர் அந்த நேரத்துக்குள் இன்னும் ஒன்றிரண்டு ஓடிவிடுவார். பெற்றோல் விலை மாறும், உங்கள் வண்டியும் வேறு, ஆனால் இதே கணக்கில் உங்கள் இலக்கத்தைப் போட்டுப் பாருங்கள்.

இதிலிருந்து ஆப்பிடம் கேட்கவேண்டிய கேள்விகள் தானாக வரும். ஓடரை ஏற்கும் முன் போகும் இடமும் தூரமும் கூலியும் தெரியுமா, ஏற்ற பிறகுதான் தெரியுமா? இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். தூரம் தெரியாமல் ஏற்கச் சொல்லும் சேவையில் வெறும் ஓட்டம் முழுக்க உங்கள் தலையில். வேண்டாம் என்று விட்டால் ஓடர் வருவதைக் குறைப்பார்களா? கடையில் மினக்கெடும் நேரத்துக்குக் காசு உண்டா? வாடிக்கையாளர் போன் எடுக்காவிட்டால் அந்தச் சாப்பாட்டுக்கு யார் பொறுப்பு? வாடிக்கையாளரிடம் வாங்கிய காசை ஆப்புக்கு எப்போது, எப்படிக் கட்டவேண்டும்?

ஊர்ப் பக்கங்களுக்கு ஓடும்போது கேள்வி வேறு. அங்கே பல இடங்களில் ரைடர் கைக்காசு போட்டுக் கடையில் வாங்கிக்கொண்டு போகவேண்டும். வீட்டுக்காரர் வேண்டாம் என்றால் அன்றைய உழைப்பு போச்சு. 3,000 ரூபாவுக்கு மேலான ஓடர் என்றால் முற்பணம் வாங்கிய பிறகே கடைக்குப் போவது என்று ஆரம்பத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். வங்கியில் போட்டுவிட்டேன் என்று துண்டின் படத்தை அனுப்பினால் அதை நம்பிச் சாமானைக் கொடுக்கவேண்டாம், படத்தை மாற்றுவது இப்போது சின்ன வேலை. உங்கள் கணக்கில் காசு விழுந்த பிறகு கொடுங்கள்.

பெரிய ஆப்களில் நீங்கள் ஊழியர் இல்லை, தனியாக ஓடுகிறவர் என்றே கணக்கு. ஊழியர் சேமலாப நிதி இல்லை. ஒரு கடை மாதச் சம்பளத்துக்கு டெலிவரிக்குக் கூப்பிட்டால் சம்பளம் குறைவாய்த் தெரியலாம், ஆனால் சட்டப்படி சம்பளத்தில் உங்கள் 8 வீதத்தோடு முதலாளி 12 வீதம் சேமலாப நிதிக்கும் 3 வீதம் ஊழியர் நம்பிக்கை நிதிக்கும் கட்டவேண்டும், பெற்றோலும் கடையின் செலவு என்றால் அது பல மாதங்களில் ஆப்பை விட நல்லது. கட்டுகிறார்களா என்று கேட்க வெட்கப்படவேண்டாம், அது உங்கள் காசு.

வண்டிக் காப்புறுதியையும் எடுத்து வாசியுங்கள். சொந்தப் பாவனைக்கு எடுத்த காப்புறுதி கூலிக்கு ஓடும்போது செல்லாமல் போகலாம். காப்புறுதிக் கம்பனியிடம் டெலிவரிக்கு ஓடுகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லி, அதற்கும் காப்புறுதி செல்லுமா என்று எழுத்தில் வாங்குங்கள். பெற்றோலையும் நினைத்துப் பாருங்கள். 2022இல் தட்டுப்பாடு வந்து கியூஆர் குறியைக் காட்டிப் பங்கீட்டில் பெற்றோல் அடிக்கும் முறைக்குப் போனபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான் தந்தார்கள். மேலே போட்ட கணக்குப்படி அது 180 கிலோமீற்றர், எட்டுக் கிலோமீற்றர் ஓடர் பத்து ஓடினால் முடிந்தது. டெலிவரியை மட்டும் நம்பிக் கடனுக்கு வண்டி எடுக்கிறவர்கள் அந்த வருடத்தை நினைத்துக்கொண்டு எடுக்கவேண்டும்.

இரவு ஓட்டத்தில் கவனம். ஏ9இல் மாடு படுத்திருக்கும், நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம் யானை. அந்தப் பக்கத்து ஓடரை எட்டு மணிக்குப் பிறகு ஏற்காமல் விடுவதில் ஒரு குறையும் இல்லை, வாங்குகிறவர்களும் அதை விளங்கிக்கொள்ளவேண்டும். மழையில் போனைச் சொப்பிங் பைக்குள் கட்டி வைத்து ஓடுகிறார்கள், அதில் திரையும் தெரியாது விரலும் பிடிக்காது. தண்ணி போகாத உறை ஒன்று வாங்கிவிடுங்கள்.

பிழை வந்தால்

சாப்பாடு குறைந்தோ மாறியோ வந்தால் ரைடரோடு சண்டை பிடிக்காதீர்கள், கட்டிய பார்சலை அவர் திறந்து பார்க்கமுடியாது. அவர் நிற்கும்போதே பிரித்து, படம் எடுத்து, ஆப்பின் உதவிப் பக்கத்தில் உடனே போடுங்கள், நேரம் போகப்போகக் காசு திரும்பும் வாய்ப்பும் குறையும். காசைத் திருப்பித் தருகிறோம், போனுக்கு வந்த ஓடிபி இலக்கத்தைச் சொல்லுங்கள் என்று யாராவது கோல் எடுத்தால் அது களவு, உடனே போனை வையுங்கள். உண்மையான ஆப் எதுவும் அந்த இலக்கத்தை வாயால் கேட்காது. ஊர்ப் பெடியனிடம் எடுத்த ஓடரில் பிழை என்றால் முகநூலில் எழுதுவதற்கு முன் கடைக்கும் பெடியனுக்கும் ஒரு கோல் எடுங்கள், பெரும்பாலும் அன்றிரவே சரிப்படுத்திவிடுவார்கள்.