உப்புநீர்க் குளத்தில் கைப்பிடி துருப்பிடிக்காமல் இருக்க

கொண்டோ நீச்சல் குளங்களைப் பராமரிப்பது என் தொழில். உப்பிலிருந்தே குளோரின் தயாரிக்கும் உப்பு முறைக்கு மாறிய இடங்களில் எல்லாரும் தண்ணீருக்குள் இருக்கும் உலோகத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது தண்ணீருக்கு மேலே இருப்பதை.

குளத்து நீரில் உப்பு லிட்டருக்கு 3 முதல் 4 கிராம்தான். கடல்நீரில் சுமார் 35 கிராம். ஆனால் கைப்பிடியில் தெறித்த துளி காயக் காய, நீர் போய் உப்பு தங்கிவிடும். அந்தக் குளோரைடுதான் எவர்சில்வரின் மெல்லிய பாதுகாப்புப் படலத்தைத் துளைக்கிறது. சிங்கப்பூர் மழை இதில் நமக்கு உதவி, திறந்தவெளிக் கைப்பிடியை அடிக்கடி கழுவிவிடும். கூரைக்குக் கீழே உள்ள ஏணிதான் சீக்கிரம் பழுப்பேறும். அதனால் வாரம் இரண்டு முறையாவது குழாய்த் தண்ணீரை ஹோஸில் பீய்ச்சி, துணியால் துடையுங்கள். கைப்பிடி தரையில் இறங்கும் இடத்தில் ஒரு வட்டத் தகடு இருக்கும். அதைத் தூக்கிவிட்டு உள்ளேயும் கழுவ வேண்டும். ஏணியே ஆடத் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

பழுப்புக் கறை வந்தால் இரும்பு நாரைத் தொடாதீர்கள். அதன் துகள் ஒட்டிக்கொண்டு புதுத் துருவைக் கிளப்பும். குளத்துக்கு ஊற்றும் ஆசிட்டும் வேண்டாம், அதிலும் குளோரைடுதான். சிட்ரிக் அமிலம் கலந்த கிளீனர், மென்மையான துணி, பிறகு நிறைய தண்ணீர். போதும்.

புதிதாக வாங்கினால் எவர்சில்வரில் 316 தரம் கேளுங்கள். குளோரைடைத் தாங்க உதவும் மாலிப்டினம் அதில் உண்டு, சாதாரண 304 தரத்தில் கிடையாது. காந்தம் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது, ரசீதில் எழுதி வாங்குங்கள். ஸ்க்ரூவும் அதே தரமாக இருக்கட்டும். நல்ல கைப்பிடியை மலிவான ஸ்க்ரூ கெடுத்ததை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஏணிக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் கரையும் ஜிங்க் (துத்தநாக) கட்டி போடுவது நல்லதுதான். ஏணிக் காலோடு உலோகம் உலோகத்தைத் தொடும்படி, தண்ணீருக்குள் முழுகியிருக்க வேண்டும். பாதி கரைந்ததும் மாற்றுங்கள். ஆனால் மேலே காயும் பகுதியை அது காப்பாற்றாது. அதற்கு ஹோஸ்தான்.

அப்புறம் பிஎச், அதாவது தண்ணீரின் அமில-கார அளவு. குளோரின் தயாரிக்கும் கருவியான உப்பு செல் அதை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். ஆசிட் ஊற்றி 7.2க்கும் 7.6க்கும் இடையில் வையுங்கள். ஊற்றும்போது பம்ப் ஓடட்டும், ஏணிப் பக்கம் ஊற்ற வேண்டாம். மிச்ச ஆசிட் கேனை பம்ப் அறையில் வைத்தால், மூடியிருந்தாலும் கசியும் ஆவி மோட்டாரையும் பேனலையும் அரிக்கும். வெளியே, காற்றோட்டமான இடத்தில், பூட்டி வையுங்கள்.